தவளையைத் தேடும் பிள்ளைகள்

ஒரு சிறுவன், ஒரு நாய், கண்ணாடி ஜாடிக்குள் ஒரு தவளை. இரவில் சிறுவனும் நாயும் தூங்கும்போது தவளை ஜாடியிலிருந்து நழுவி வெளியே போய்விடுகிறது. காலையில் எழுந்து பார்த்தால் ஜாடி காலி. பூட்ஸுக்குள் தேடுகிறார்கள், ஜன்னலில் நின்று கூப்பிடுகிறார்கள், காட்டுக்குள் போகிறார்கள். தேனீக்கூட்டம் நாயை விரட்டுகிறது. மரப்பொந்திலிருந்து ஆந்தை சீறி வந்து சிறுவனைக் கீழே தள்ளுகிறது. அவன் ஒரு பாறை மேல் ஏறி, மரக்கிளை என்று நினைத்து எதையோ பிடித்துக்கொள்கிறான். அது ஒரு மானின் கொம்பு. மான் அவனைச் சுமந்துகொண்டு ஓடிப்போய்க் குளத்தில் தள்ளுகிறது. அங்கே ஒரு மரக்கட்டைக்குப் பின்னால் தவளை தன் ஜோடியோடும் குட்டிகளோடும் உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்க ஓவியர் மெர்சர் மேயர் 1969-ல் வெளியிட்ட படக்கதை இது. 24 படங்கள் உண்டு, கதையைச் சொல்ல ஒரு சொல்கூட உள்ளே கிடையாது. ஆகவே எந்த மொழி பேசும் பிள்ளையிடமும் கொடுத்து, "பார்த்துக் கதை சொல்லு" என்று கேட்கலாம். ரூத் பெர்மன், டான் ஸ்லோபின் என்ற இரு மொழியியலாளர்கள் ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், ஹீப்ரு, துருக்கி ஆகிய ஐந்து மொழிப் பிள்ளைகளை இந்தக் கதையைச் சொல்லவைத்து 1994-ல் பெரிய நூலாகவே கொண்டுவந்தார்கள். மரபணுக் கோளாறுகளோடு பிறந்த பிள்ளைகளின் மொழியை ஆராய்கிறவர்கள் கையிலும் அநேகமாக இதே புத்தகம்தான்.

காரணம், இந்தக் கதையைச் சொல்ல வாக்கியம் அமைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. தவளை தப்பியது நமக்குத் தெரியும், தூங்கிய சிறுவனுக்குத் தெரியாது. கொம்பு என்று நமக்குத் தெரியும், அவனுக்கு அது கிளை. யாருக்கு எது தெரியும், யார் எதைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டே சொன்னால்தான் கதை நிற்கும். இல்லாவிட்டால், "பையன் நிக்கிறான், மான் இருக்கு, பையன் தண்ணியில விழுறான்" என்று படங்களின் வரிசைதான் மிஞ்சும். மொழி, கதை, அடுத்தவர் மனசு மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கும் சோதனை என்று இதைச் சொல்லலாம்.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டியே வளரும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு எல்லாம் புரியும், பேசத் திணறுகிற பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்பது வீட்டிலும் பள்ளியிலும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கொடுக்கிற இடத்திலும் ஓடுகிற கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பதைக் காட்ட வில்லியம்ஸ் சிண்ட்ரோம், டவுன் சிண்ட்ரோம் என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

வில்லியம்ஸ் சிண்ட்ரோம் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஜே.சி.பி. வில்லியம்ஸ் என்ற இதய மருத்துவர், மகாதமனி இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்துக்குச் சற்று மேலே சுருங்கிப்போயிருந்த சில நோயாளிகளின் முகங்களும் ஒன்றுபோல் இருப்பதைக் கவனித்து, சக மருத்துவர்களோடு 1961-ல் எழுதினார். ஏழாவது குரோமோசோம் ஜோடியில் ஒன்றிலிருந்து ஒரு சின்னத் துண்டு, சுமார் 26 மரபணுக்கள், விடுபட்டுப் போவதே காரணம். ரத்தக் குழாய்க்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் புரதத்துக்கான மரபணுவும் அதற்குள் அடக்கம். இதயக் கோளாறு அதனால்தான் வருகிறது. ஏறத்தாழ 7,500 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது.

இந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 55, 60-ஐ ஒட்டியே இருக்கும். கட்டைகளை அடுக்கி ஒரு வடிவத்தைக் கொண்டுவரச் சொன்னால் திண்டாடிப்போவார்கள். ஆனால் பேச்சு ஆளை அசத்திவிடும். கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள சால்க் ஆய்வு நிறுவனத்தில் உர்சுலா பெல்லூகி 1980-களில் இவர்களோடு வேலை செய்யத் தொடங்கினார். பதின்பருவப் பெண் ஒருத்தியிடம் யானை ஒன்றை வரையச் சொன்னார். யானையின் உறுப்புகள் தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன, எது எது என்று எழுதிவைக்காவிட்டால் யானை என்றே தெரியாது. அதே பெண்ணிடம் யானையைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது நிறம், காது, தந்தம், தின்பது, வாழுமிடம் என்று சரளமாக, ரசனையோடு சொல்லிக்கொண்டே போனாள். அந்தப் படமும் பேச்சும் பாடநூல்களில் ஏறிவிட்டன. புத்தி வேறு, மொழி வேறு, மூளைக்குள் தனித்தனி அறைகள் என்று வாதிட்டவர்களுக்கு இது பெரிய சாட்சியாகக் கிடைத்தது. ஸ்டீவன் பிங்கர் 1994-ல் எழுதிய புகழ்பெற்ற மொழியியல் நூலிலும் இவர்கள் வருகிறார்கள்.

தவளைக் கதையை இவர்கள் சொன்னால் கேட்பவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஆந்தைக்கு ஒரு குரல், சிறுவனுக்கு ஒரு குரல், பயத்துக்கு இழுத்துப் பேசுவது, "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா!" என்கிற மாதிரி கேட்பவரைக் கொக்கி போட்டு இழுப்பது என்று நம் ஊர்ப் பாட்டிகள் கதை சொல்லும் உத்திகள் அத்தனையும் இருக்கும். பெல்லூகியும் ஜூடி ரைலியும் 1990-ல் இதை முதன்முதலாக ஒழுங்காக ஒப்பிட்டார்கள். ஒப்பிட்டது டவுன் சிண்ட்ரோம் உள்ள பதின்பருவத்தினரோடு. அவர்களுடைய கதை குட்டையாக, தட்டையாக, அழுத்தமில்லாமல் இருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று அப்போது யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

ஆனால் அந்த ஆய்வுகளிலேயே இன்னொன்றும் பதிவாகியிருந்தது. வில்லியம்ஸ் பிள்ளைகள் அந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், எத்தனையாவது தடவை சொன்னாலும் அதே உருக்கம், அதே கொக்கிகள். ஏற்கெனவே கேட்டவரிடம் கொஞ்சம் சுருக்குவோமே, அந்தச் சரிக்கட்டல் இல்லை. இன்னும் இளைய பிள்ளைகளை வைத்து ரைலியும் மாலி லாஷும் பிற்பாடு செய்த ஆய்வுகளில் விஷயம் மேலும் தெளிந்தது. உணர்ச்சிச் சொற்களும் கேட்பவரை இழுக்கும் உத்திகளும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். ஆனால் இலக்கணப் பிழைகளும் அதிகம், 'தொலைந்த தவளையைத் தேடுகிறார்கள்' என்ற கதையின் முதுகெலும்பைப் பிடித்துக்கொண்டு போவது குறைவு. கேட்பவரைக் கட்டிப்போடும் திறமை ஒன்று, கதையைக் கட்டும் திறமை வேறொன்று.

இப்போது மூன்றாவது இழை, அடுத்தவர் மனசு. அதை அளப்பதற்குப் பேர்போன சோதனை ஒன்று உண்டு. ஸேலி, ஆன் என்று இரண்டு பொம்மைகள். ஸேலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாத நேரத்தில் ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறாள். திரும்பி வரும் ஸேலி கோலியை எங்கே தேடுவாள்? கூடையில் என்று சொன்னால், தனக்குத் தெரிந்தது ஸேலிக்குத் தெரியாது என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. பெட்டி என்று சொன்னால் இன்னும் புரியவில்லை. சராசரியாக நாலு வயதையொட்டி இந்தப் புரிதல் வரும்.

லண்டனில் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் மூவரும் 1985-ல் இந்தச் சோதனையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் தவறினார்கள். ஆட்டிசம் ஆய்வில் அது ஒரு திருப்புமுனை, அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. என் கண் நிற்பது அந்தக் கட்டுரையின் வேறொரு வரியில். ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட 14 டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் 12 பேர் சரியாகக் கூடையைக் காட்டினார்கள். அவர்களுடைய சராசரி வயது ஏறக்குறைய 11. மொழித் திறனை அளந்தால் மூன்று வயதுக் குழந்தையின் மட்டம். பேச்சில் மூன்று வயது என்று முத்திரை வாங்கிய பிள்ளைகள் ஸேலியின் மனசுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தச் சோதனைக்கு வாக்கியம் வேண்டியதில்லை, விரலை நீட்டினால் போதும். அதனால்தான் அவர்களால் காட்ட முடிந்தது என்று நினைக்கிறேன்.

பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு நல்ல முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பலர் இத்தகைய சோதனைகளில் தடுமாறுகிறார்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும். கேள்வி எவ்வளவு நீளம், எத்தனை விஷயங்களை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் முடிவை மாற்றும். அது தெரிந்த பிறகும் அந்த 12 விரல்களை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

சரி, அவ்வளவு உருக்கமாகக் கதை சொல்லும் வில்லியம்ஸ் பிள்ளைகள்? முகம் பார்த்தே அழுகிறாரா சந்தோஷமா என்று சொல்கிறவர்கள், அறிமுகமில்லாதவர் காலில் அடிபட்டால் ஓடிப்போய்த் தடவிக்கொடுக்கிறவர்கள், இந்தச் சோதனையில் முந்துவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஹெலன் டேகர்-ஃப்ளஸ்பெர்க்கும் கேட் சல்லிவனும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அதைக் கலைத்துப்போட்டது. அதே அளவு அறிவுத்திறன் குறைபாடுள்ள மற்றப் பிள்ளைகளைவிட இவர்கள் ஸேலி-ஆன் வகைச் சோதனைகளில் எந்த விதத்திலும் மேலாக இல்லை. அதிலிருந்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வது என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முகத்தையும் குரலையும் பார்த்த மாத்திரத்தில் உணர்ச்சியைப் பிடிப்பது முதல் வேலை. இவருக்கு இது தெரியும், இது தெரியாது, ஆகவே இப்படிச் செய்வார் என்று யோசித்து அறிவது இரண்டாவது. மொழியின் ஆதரவு அதிகம் தேவைப்படுவது இரண்டாவதற்குத்தான். வில்லியம்ஸ் பிள்ளைகளுக்கு முதலாவது ஓரளவு கைகூடுகிறது, இரண்டாவது தடுமாறுகிறது.

இது ஆய்வுக்கூடத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. முன்பின் தெரியாதவரிடம் ஓடிப்போய்ப் பேசுவது இவர்கள் சுபாவம். பயமுறுத்தும் முகத்தைப் பார்த்தால் மூளையின் அமிக்டலா பகுதி மற்றவர்களுக்குத் துடிக்கிற அளவு இவர்களுக்குத் துடிப்பதில்லை என்று 2005-ல் ஸ்கேன் ஆய்வு காட்டியது. சிரித்த முகத்தைப் பிடித்துக்கொள்கிற பிள்ளைக்கு, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உள்ள நோக்கத்தைக் கணக்குப் போட வரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதைப் பெற்றோரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "நல்லாத்தானே பேசுது, இதுக்கு என்ன குறை?" என்று உறவினர்கள் சொல்லும்போது அம்மாவுக்கு வயிற்றைப் பிசைவது இதனால்தான். பேச்சின் பளபளப்பு உதவி தேவை என்பதையே மறைத்துவிடுகிறது. பள்ளியில் ஆசிரியர், "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே செய்ய மாட்டேங்கிறா" என்று திட்டுவதும் இங்கிருந்துதான் வருகிறது. கென்டக்கியின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் கேரலின் மெர்விஸ் பல வருஷம் அளந்து பார்த்ததில், பொருட்களின் பெயர்களை நிறைய அறிந்திருக்கும் இதே பிள்ளைகள் முன்னால், பின்னால், அதற்கு முன், ஆனாலும், இல்லாவிட்டால் போன்ற உறவுச் சொற்களில் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். பாடமும் கட்டளையும் கணக்கும் அந்தச் சொற்கள் மேல்தான் நிற்கின்றன.

டவுன் சிண்ட்ரோம் வீடுகளில் கேட்கிற வாக்கியம் வேறு. "அவன் எல்லாம் புரிஞ்சுப்பான் சார், சொல்லத்தான் வராது." சிறப்புப் பள்ளி வாசலில், ஸ்பீச் தெரபி அறை வெளியே, இதைச் சொல்லாத தாயை நான் பார்த்ததில்லை. பாசத்தில் சொல்கிறார்கள் என்று கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆராய்ச்சி அந்தத் தாய்மார்கள் பக்கம் நிற்கிறது.

21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் என்று 1959-ல் பாரிஸில் கண்டார்கள். 700, 800 பிறப்புகளுக்கு ஒன்று. இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லைப் புரிந்துகொள்வது பேசுவதைவிடப் பெரும்பாலும் முன்னால் நிற்கும். பேச்சு பின்தங்குவதற்கு ஒன்றல்ல, பல காரணங்கள். நடுக்காதில் நீர் கோத்துப் பலருக்குக் கேட்கும் திறன் மங்கியிருக்கும். வாயின் தசைகள் தளர்வு. எல்லாவற்றுக்கும் மேல், காதில் விழுந்த ஒலியைச் சில நொடிகள் மனதில் நிறுத்திவைக்கும் நினைவு இவர்களுக்குக் குறைவு. நீளமான வாக்கியம் ஒன்றைக் கட்ட வேண்டுமானால் தொடக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே முடிவுக்குப் போக வேண்டும், அந்தக் கைப்பிடிதான் நழுவுகிறது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ராபின் சாப்மனும் சாலி மைல்ஸும் 2002-ல் தவளைக் கதைக்கே திரும்பினார்கள். இந்தத் தடவை வாக்கியத்தின் நீளத்தை மட்டும் எண்ணாமல், கதையின் உள்ளடக்கத்தை எண்ணினார்கள். தவளை தொலைந்ததைச் சொன்னார்களா, தேடல் தொடர்வதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்களா, வழியில் நேர்ந்த தொல்லைகளைச் சொன்னார்களா என்று. டவுன் சிண்ட்ரோம் இளைஞர்கள், அதே நீள வாக்கியம் பேசும் சின்னக் குழந்தைகளைவிட அதிகமாகக் கதையைச் சொல்லியிருந்தார்கள். உடைந்த வாக்கியத்துக்குள் உடையாத கதை இருந்தது. 1990-ல் தட்டையாகத் தெரிந்தது, எதை எண்ணுகிறோம் என்பதை மாற்றியதும் வேறாகத் தெரிந்தது. சும்மா பேட்டிபோலக் கேட்பதைவிடப் படம் கையில் இருந்தால் இவர்களுடைய வாக்கியமே நீள்கிறது என்பதையும் அதே குழுவினர் காட்டினார்கள். இன்னொரு நல்ல செய்தியும் சாப்மனிடமிருந்துதான்: பதின்பருவத்தோடு மொழி வளர்ச்சி நின்றுவிடும் என்ற பழைய நம்பிக்கை சரியில்லை, இருபதுகளை நோக்கியும் வாக்கியங்கள் வளர்கின்றன. பன்னிரண்டு வயதில் "இனிமே தெரபி எதுக்கு?" என்று நிறுத்திவிடச் சொல்கிற யோசனையை எந்தப் பெற்றோரும் ஏற்க வேண்டியதில்லை.

வில்லியம்ஸுக்கு மொழி, டவுனுக்குப் புரிதல் என்று மரபணு பிறப்பிலேயே பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டதா? இல்லை என்று பிடிவாதமாகச் சொன்னவர் லண்டனின் அனெட் கார்மிலாஃப்-ஸ்மித். ஐ.நா. சபையில் உடனடி மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, ஜெனீவாவில் பியாஜே என்ற அறிஞரிடம் உளவியல் படித்தவர். அவரும் சகாக்களும் 1999-ல் இரண்டு சிண்ட்ரோம் குழந்தைகளையும் நடை பழகும் வயதிலேயே பரிசோதித்தார்கள். சொற்களைப் புரிந்துகொள்வதில் இரு தரப்பும் ஒரே அளவில் பின்தங்கியிருந்தன. பெரியவர்களானதும் தெரிகிற இடைவெளி அப்போது இல்லை. ஆக, அந்த இடைவெளி வளரும் வழியில் உண்டானது.

எப்படி உண்டானது என்பதற்கு ஒரு தடயம் விரலில் இருக்கிறது. பொதுவாகக் குழந்தை முதலில் நிலாவை விரல் நீட்டிக் காட்டும், பிறகுதான் நிலா என்று சொல்லும். வில்லியம்ஸ் பிள்ளைகள் பலர் பொருளின் பெயரை முதலில் சொல்கிறார்கள், விரல் நீட்டிக் காட்டுவது அதற்கு ரொம்பப் பின்னால்தான் வருகிறது. அம்மா காட்டும் திசையில் பார்ப்பதைவிட அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குப் பிடிக்கிறது. பார்க்கிறவர்களுக்கு இது அன்பின் உச்சம் என்று படும். ஆனால், 'நீ பார்ப்பதை நானும் பார்க்கிறேன்' என்ற அந்த முக்கோணத்தில்தான் சொல்லின் பொருளும், அடுத்தவர் கவனம் எங்கே இருக்கிறது என்ற அறிவும் சேர்ந்து முளைக்கின்றன. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளோ பேச்சுக்குப் பல காலம் முன்பே சைகைகளில் கெட்டிக்காரர்கள்.

முகத்தையே பார்க்கும் பிள்ளைக்கு நேர் எதிர், முகத்தைத் தவிர்க்கும் பிள்ளை. எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவுக்குள் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்து அந்த மரபணுவை மூடிவிடுவது ஃப்ரஜைல் எக்ஸ் சிண்ட்ரோம். இந்தப் பையன்கள் கைகுலுக்கக் கையை நீட்டுவார்கள், அதே கணத்தில் உடம்பையும் முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஆள் வேண்டும், ஆனால் அந்தப் பார்வையின் சூடு தாங்காது. "என்னைப் பார்த்துப் பதில் சொல்லு" என்ற ஒரு வாக்கியம் போதும், இருக்கிற பேச்சும் வறண்டுவிடும், கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்தபடி பேசினால் வருகிற மொழி வேறு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் வாரன் குழுவினர் இத்தகைய பிள்ளைகளையும் தாய்மார்களையும் வருடக்கணக்கில் படம்பிடித்து 2010-ல் எழுதினார்கள்: குழந்தை எதைக் கவனிக்கிறதோ அதைப் பற்றிப் பேசி, அது சொன்னதை எடுத்து நீட்டிச் சொல்லும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மொழி அதிகம் வளர்ந்திருந்தது. கதை கேட்கும்போது நம் வீடுகளில் 'ஊம்' கொட்டுவோமே, அந்த ஊமுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது.

பேச்சே வராத சிண்ட்ரோம்களும் உண்டு. ஏஞ்சல்மன் பிள்ளைகளில் பலர் சில சொற்களைத் தாண்டுவதில்லை. ரெட் சிண்ட்ரோம் பெண் குழந்தைகள் கற்ற சொற்களையும் கையின் வசத்தையும் இழந்துவிடுகிறார்கள். கண் அசைவைப் படிக்கும் கருவி வந்த பிறகுதான் அவர்களில் சிலர் எதைக் கேட்கிறார்கள், யாரைத் தேடுகிறார்கள் என்று வீட்டாருக்குத் தெரிந்தது. படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் 'ஆவாஸ்' செயலி நம் சென்னையில் உருவானதுதான். அது ஆட்டிசம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கும் கொடுக்கலாம். கருவியைக் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: அப்படி ஆவதில்லை, பல பிள்ளைகளுக்குப் பேச்சு கூடுகிறது என்பதே ஆய்வுகள் சொல்வது.

நம் நாட்டில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. சான்றிதழில் ஒரு சதவீதம் எழுதித் தருகிறார்கள், அது உதவித்தொகைக்கும் பஸ் பாஸுக்கும் வேண்டும், வாங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சதவீதத்தை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லித்தருவது என்று தீர்மானிக்க முடியாது. ஒரே எண் வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு 'அவங்க உன்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க?' என்று கேட்டுக் கேட்டுப் பழக்க வேண்டியிருக்கும். இன்னொன்றுக்கு அது ஏற்கெனவே தெரியும், வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளப் படமும் எழுத்தும் நேரமும் வேண்டும். மதிப்பீட்டுக்குப் போகும் பெற்றோர், "என் பிள்ளையை ஒரு கதை சொல்லவைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்கலாம். படம் கொடுத்து, பாதியில் திருத்தாமல், ஒரு தடவையாவது கடைசிவரை கேட்டீர்களா என்று.

எழுத்து என்று சொன்னேன். 1967-ல் இங்கிலாந்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள நைஜல் ஹன்ட் என்ற இளைஞரின் சுயசரிதை வெளியானது. அம்மா வீட்டில் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார், நைஜலே தட்டச்சு செய்தார். முன்னுரை எழுதியவர் மரபியல் அறிஞர் லயனல் பென்ரோஸ். இத்தகையவர்களுக்கு எழுத்து வராது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1974-ல் நியூயார்க்கில் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த ஜேசன் கிங்ஸ்லியை விடுதியில் விட்டுவிடச் சொன்னார் மருத்துவர். தாய் எமிலி பெர்ல் கிங்ஸ்லி விடவில்லை. குழந்தைகளுக்கான 'செஸமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சித் தொடருக்கு எழுதிவந்த அவர், மகனையும் அந்த நிகழ்ச்சியில் தோன்றவைத்தார். ஜேசனும் தன்னைப் போலவே டவுன் சிண்ட்ரோம் உள்ள நண்பர் மிட்செல் லெவிட்ஸும் படிப்பு, காதல், கல்யாணம், அரசியல், தனியாக வாழ்வது என்று தங்களுக்குள் பேசிக்கொண்ட உரையாடல்கள் 1994-ல் புத்தகமாக வந்தன. பெர்மனும் ஸ்லோபினும் ஐந்து மொழிகளின் தவளைக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டதும் அதே வருஷம்தான்.